மழைக்குப் பிறகு நிலையலை விகிதம் 3 ஆகிவிட்டது

கேள்வி, பெசன்ட் நகர்:
மொட்டை மாடியில் அமெச்சூர் வானொலிக்காக 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் (நடுவில் கேபிள் இணையும் இரு கம்பி ஆன்டெனா) கட்டியிருக்கிறேன். மொத்த நீளம் 20 மீட்டர். கீழே வர 25 மீட்டர் கோஆக்சியல் கேபிள். வெயில் காலத்தில் 7.1 மெகாஹெர்ட்ஸில் நிலையலை விகிதம் (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.4 காட்டியது. ஐப்பசி மழைக்குப் பிறகு 3. என் 100 வாட்டில் கால் பங்கு வீணாகிறதா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பதில், பெரம்பூர்:
கணக்குச் சரி, முடிவு தவறு தம்பி. 50 ஓம் கேபிளின் முனையில் வேறு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) இருந்தால் அலையின் ஒரு பகுதி திரும்பும். விகிதம் 3 என்றால் எதிரொளிப்புக் குணகம் (திரும்பும் அலையின் வீச்சுப் பங்கு) 0.5, அதன் வர்க்கம் 0.25; திரும்பும் திறனின் பங்கு அதுதான். ஆனால் திரும்பியது அப்படியே வெப்பமாகிவிடுவதில்லை. டியூனர் (டிரான்ஸ்மிட்டருக்கும் கேபிளுக்கும் நடுவே பொருத்தம் செய்யும் பெட்டி) இருந்தால் அங்கே மோதி மீண்டும் மேலே போகும். ஒவ்வொரு பயணத்திலும் கேபிள் தின்பதுதான் உண்மையான இழப்பு. 7 மெகாஹெர்ட்ஸில், நல்ல கேபிளில், அது சொற்பம்.

என் கவலை வேறு. மழைக்குப் பின் மாறியது என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். மேல் முனையில் ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டிப் பாருங்கள். அப்போதும் விகிதம் 1-க்கு அருகில் வராவிட்டால் குற்றம் கேபிளில்தான்.

பதில், திருவொற்றியூர்:
நனைந்த கேபிள் திரும்பும் அலையையும் விழுங்கிவிடும். கீழே மீட்டர் அழகாக 1.5 காட்டும், மேலே 3-க்கு மேல் இருக்கும். அளவு குறைந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
டம்மி லோடுடன் 2.2. கனெக்டரைப் பிரித்தேன், செம்புப் பின்னல் முழுக்கப் பச்சைக் களிம்பு. இரண்டு மீட்டர் வெட்டி எறிந்து, புதிதாகப் பற்றவைத்து, ரப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றினேன். மீண்டும் 1.4. நன்றி ஐயா. நேற்றிரவு கொழும்பிலிருந்து ஒருவர் தெளிவாகப் பேசினார்.