டிரெட்மில் பெல்ட் வலது பக்கமே ஒதுங்குகிறது, மாற்றத்தான் வேண்டுமா?

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். அப்பா நடப்பதற்காக இரண்டு வருடம் முன்பு வாங்கிய டிரெட்மில். வரும் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் உட்காராமல் ஏறிவிட வேண்டும் என்று தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். சத்தம் தாங்காமல் அம்மா போன மாதம் மிஷினை ஹாலிலிருந்து கார் போர்ச்சுக்குத் துரத்திவிட்டார். இப்போது பெல்ட் வலது பக்கமே ஒதுங்குகிறது. அந்த ஓரத்தில் நூல் பிரிந்து, பிளாஸ்டிக் பட்டையில் உரசி, கீழே மை மாதிரி கறுப்புத் தூள் கொட்டுகிறது. பின்பக்க போல்ட் இரண்டையும் ஆலன் சாவியால் திருகிப் பார்த்தேன். ஒரு நாள் நேராக ஓடும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. எத்தனை சுற்று திருகினேன் என்று கணக்கு வைக்கவில்லை. போதாததற்கு, அப்பா காலை ஊன்றும்போது பெல்ட் ஒரு நொடி வழுக்குகிறது. கடையில் கேட்டால் பெல்ட்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

காலைநடை:
வழுக்கினால் இரண்டு போல்ட்டையும் நன்றாக இறுக்கிவிடுங்கள் தம்பி. நான் அப்படித்தான் செய்தேன்.

ஸ்பானர் மாமா:
அப்படி இறுக்க வேண்டாம். ரோலர் பேரிங் தேயும், மோட்டார் சூடாகும், பெல்ட்டும் இழுபட்டுப் போகும்.

தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பின் ரோலரின் இரண்டு முனையும் சட்டத்தின் கடைசியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அடிக்கோலால் அளந்து, இரண்டையும் சமமாக்குங்கள். கணக்கு விட்டுப்போனவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். போல்ட் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இனி குழப்பம் வராது.

அப்புறம் யாரும் ஏறாமல் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட விடுங்கள். பின்னால் நின்று பார்க்கும்போது வலது பக்கம் ஒதுங்கினால் வலது போல்ட்டைக் கடிகார முள் போகும் திசையில் கால் சுற்று. கால் சுற்றுதான்! இரண்டு நிமிடம் பொறுங்கள், பெல்ட் மெதுவாகத்தான் நகரும். பெரும்பாலோர் அவசரப்பட்டு இங்கேதான் கெடுக்கிறார்கள். பெல்ட் ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் வலதை இறுக்காமல் இடதைக் கால் சுற்று தளர்த்துங்கள். பலன் ஒன்றுதான். கை, வேட்டி நுனி எதுவும் ரோலர் பக்கம் போகக் கூடாது.

நேரான பிறகும் வழுக்கினால் இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு, கால் கால் சுற்றாக இறுக்கலாம். மிஷினை நிறுத்தி, நடுவில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பெல்ட் 5 முதல் 7 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். சரி, ஒரு கேள்வி. ஹாலில் இருந்தவரை இந்தத் தொல்லை இருந்ததா?

ஜெலுத்தோங்வாசி:
இல்லையே மாமா.

ஸ்பானர் மாமா:
அப்படியானால் போல்ட்டைத் தொடாதீர்கள். போர்ச் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஜெலுத்தோங்வாசி:
ரசமட்டம் இல்லை, தம்பியின் கோலிக்குண்டை வைத்தேன். நேரே வலது பக்கக் கால்வாயைப் பார்த்து உருண்டு ஓடிவிட்டது! மழைத்தண்ணீர் வடியச் சரித்துப் போட்ட தரை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

ஸ்பானர் மாமா:
போர்ச் என்று சொன்னதுமே நான் கேட்டிருக்க வேண்டும். மிஷினுக்கு அடியில் திருகு பாதங்கள் இருக்கும், வலது பக்கத்தை உயர்த்துங்கள். ஆனால் மழைச்சாரலும் ஈரக்காற்றும் மோட்டாருக்கும் சர்க்யூட்டுக்கும் ஆகாது. உள்ளே கொண்டுபோய் அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், சத்தம் குறையும். அம்மாவிடம் பேசிப் பாருங்கள்.

காலைநடை:
எண்ணெய் போட வேண்டுமா மாமா? எனக்கும் சந்தேகம்.

ஸ்பானர் மாமா:
பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்கள், மிஷின் நின்றிருக்கும்போதுதான். பலகை வறண்டிருந்தால் சுத்தமான சிலிகான் ஆயில் கொஞ்சம் விடலாம். சமையல் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே இரண்டும் கூடாது. சில பலகைகள் மெழுகு பூசி வரும், அவற்றுக்கு எண்ணெயே வேண்டாம், கையேட்டைப் பாருங்கள். அதிகமாக விட்டாலும் வழுக்கும்.

ஜெலுத்தோங்வாசி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மிஷின் மறுபடியும் ஹாலில், ரப்பர் பாய் மேல். ரோலரைச் சமமாக்கி, இரண்டு பக்கமும் அரைச் சுற்று இறுக்கியதில் வழுக்கல் நின்றது. பெல்ட் நடுவில் ஓடுகிறது. பிரிந்த நூலைக் கத்தரித்துவிட்டேன், அதற்கு மேல் பிரியவில்லை. அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சீரியல் நேரத்தில் அப்பா நடக்கக் கூடாது.