லினக்ஸ் கர்னல் டிரைவர் பூட்டுகளில் சிக்கி உறைந்து, கன்சோலில் அந்த 120 செகண்ட் வரியைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கானாடுகாத்தான் தம்பி:
போன வருஷம் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் அன்று நடந்தது, இன்னும் மனசை அரிக்கிறது. வீட்டில் எல்லோரும் பொங்கல் வைக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) டெஸ்ட் போர்டையும் சீரியல் கேபிளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனியின் யூஎஸ்பி டிரைவர். டிவைஸைப் பிடுங்கினால் எப்போதாவது உறைகிறது என்று புகார். பத்துத் தடவை பிடுங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. சாதாரண யூசராக ஒரு புரோகிராமை ஓடவிட்டு, ஐயோக்டலை (புரோகிராம் டிரைவரிடம் வேலை கேட்கும் அழைப்பு) விடாமல் அடித்துக்கொண்டே பிடுங்கினேன். நின்றுவிட்டது. இரண்டு நிமிஷம் கழித்து கன்சோலில் அந்த வரி: "பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்".

புரோகிராமைக் கொல்ல கில் -9 போட்டேன், டி ஸ்டேட்டில் (எழுப்ப முடியாத தூக்கத்தில்) இருப்பது அசையவில்லை. போர்டில் இருந்த கீபோர்டைக் கழற்றித் திருப்பிச் செருகினேன். கேப்ஸ் லாக்கை அமுக்க அமுக்க விளக்கு எரியவே இல்லை. டிஸ்கனெக்ட் (பிடுங்கியதும் ஓடும் டிரைவர் கோடு) சிக்கியது யூஎஸ்பி ஹப்பின் வேலையை நடத்தும் கர்னல் வொர்க்கரிலேயே. அதனால் அந்த ஹப்பில் எதைச் செருகினாலும் கர்னலுக்குத் தெரியாது. எரியாத அந்தச் சின்ன விளக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். டிஸ்கனெக்ட் மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டே கேன்சல்_வொர்க்_சிங்க்கைக் (வொர்க்கை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பது) கூப்பிடுகிறது, வொர்க்கின் (பின்னணியில் ஓடும் வேலையின்) முதல் வரியே அதே மியூடெக்ஸைக் கேட்கிறது. ஒன்றுக்கொன்று காத்து நிற்கும், அதுதான் டெட்லாக். இரண்டும் வேறு வேறு ஃபைல். ரீசெட் ஐயோக்டலும் அதே வழியில்தான் போகிறது, ஆகவே பிடுங்கக்கூட வேண்டாம், ரூட் (அட்மின்) உரிமை இல்லாத யாரும் உறைய வைக்கலாம், இது வல்னரபிலிட்டிதான் (பாதுகாப்பு ஓட்டை). அவசரத்தில் வொர்க்கில் டிரைலாக் (காத்திருக்காமல் பூட்டை முயன்று பார்ப்பது) போட்டு அனுப்பினேன். உறைவது நின்றது, பேட்ச்சும் ஏறிவிட்டது. அதுதான் உறுத்துகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, டிரைலாக் தீர்வு இல்லை. பூட்டு கிடைக்காவிட்டால் வொர்க் பேசாமல் திரும்பிவிடும், செய்யவேண்டிய வேலை காணாமல் போகும். மியூடெக்ஸைப் பிடி, டிவைஸ் போய்விட்டது என்று ஒரு ஃபிளாக் வை, மியூடெக்ஸை விடு, அப்புறம் கேன்சல் செய். ஐயோக்டலும் வொர்க்கும் ஃபிளாக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் நடுவில் யாராவது வொர்க்கை மறுபடி வரிசையில் போட்டுவிடுவார்கள்.

என் கதை சின்னது. ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) இன்டரப்டை (ஹார்டுவேர் நடுவில் குறுக்கிடுவது) நிறுத்தாமல் எடுத்திருந்தேன். அதே சிபியூவில் இன்டரப்ட் வந்து அதே பூட்டைக் கேட்டது. தூங்குகிற பூட்டு இல்லையே, 120 செகண்ட் வரியும் வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப் ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இன்டரப்டையும் நிறுத்தும் ஐஆர்கியூசேவ் என்று மாற்றியதும் சரியானது.

புதுவயல்:
எனக்கும் உறைந்திருக்கிறது, பவரை அணைத்துப் போட்டேன், தீர்ந்தது. டேட்டா திருடு போகவில்லையே, இதை ஏன் வல்னரபிலிட்டி என்கிறீர்கள்? பக் என்றால் போதாதா?

செக்காலை ஆச்சி:
புதுவயல் அண்ணே, அது உங்கள் மெஷின், உங்கள் கைக்கு எட்டுகிறது. பல பேர் லாகின் ஆகும் சர்வரில் பர்மிஷனே இல்லாத ஒருவர் எல்லோருடைய வேலையையும் நிறுத்த முடிந்தால் அது ஓட்டைதான். ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் மெஷின் இப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆன பாட்டி ஒருவர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் மடியில் பையை வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். என்னால் மறக்க முடியவில்லை.

எல்லோருக்கும் ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். லாக்டெப் (பூட்டு எடுக்கும் வரிசையைக் கவனிக்கும் கர்னல் கருவி) போடாமல் டிரைவர் எழுதாதீர்கள். இங்கோ மோல்னர் 2006-இல் 2.6.18 கர்னலுக்குக் கொண்டுவந்தது. புரூவ் லாக்கிங் என்ற கான்ஃபிகை இயக்கினால் போதும். டெட்லாக் நிஜமாக நடக்கவேண்டியதில்லை. ஏ என்ற பூட்டைப் பிடித்து பி என்ற பூட்டைக் கேட்டதை ஒருமுறையும், பி பிடித்து ஏ கேட்டதை ஒருமுறையும் பார்த்தாலே, வேறு வேறு நேரமாக இருந்தாலும், கத்திவிடும். வொர்க் முடியக் காத்திருப்பதையும் அது ஒரு பூட்டாகவே கணக்கில் வைக்கும், ஆகவே தம்பியின் கேஸ் பொங்கலுக்கு முன்பே சிக்கியிருக்கும். மெஷின் மெதுவாகும், டெஸ்ட் போர்டோடு நிறுத்துங்கள். முதல் புகாரைச் சொன்னதும் அது அடங்கிவிடும். அதைச் சரிசெய்து ரீபூட் செய்தால்தான் அடுத்தது வரும். "ஒன்றுதான் வந்தது" என்று சந்தோஷப்படாதீர்கள். எந்தப் பூட்டு முதலில், எது அப்புறம் என்று ஃபைலின் தலையில் கமென்ட் எழுதுங்கள். பெரிய வீட்டில் முகப்பைத் திறந்துதானே வளவுக்கு வருகிறோம், எந்தப் புள்ளி (குடும்பம்) வந்தாலும் அதே முறைதான்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி சொல்வது சரி, ஆனால் ஓடாத பாதையை லாக்டெப்பும் பார்க்காது. பிடுங்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

கானாடுகாத்தான் தம்பி:
அண்ணே, ஆச்சி, நேற்று ராத்திரி லாக்டெப்போடு பூட் செய்தேன். முதல் புகாரே எங்கள் டிரைவர் மேல்தான். ஆனால் இந்த மியூடெக்ஸ் இல்லை, வேறொரு ஜோடி. அதை இனிமேல்தான் பார்க்கவேண்டும். டிரைலாக்கை எடுத்துவிட்டு ஃபிளாக் வைத்த பேட்ச்சை இன்று காலை அனுப்பிவிட்டேன். எந்தத் தவறான கமிட்டைத் திருத்துகிறது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரியில் என் பழைய கமிட் ஐடியின் முதல் 12 எழுத்துகளை நானே டைப் செய்தேன்.