இத்தனை பேர் ஆண்டும் எஸ்தோனியா எப்படிக் கரையாமல் நின்றது?

பாளை வாசகி:
பிரிப்பதற்கு முன்பு நம்ம நெல்லை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 30 லட்சம் பேருக்கு மேல். வட ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் இருக்கும் எஸ்தோனியா நாடு முழுக்கவே 14 லட்சத்துக்குள்தான். டேனிஷ், ஜெர்மன், ஸ்வீடன், ரஷ்யா என்று வரிசையாக ஆண்டிருக்கிறார்கள். அப்படியும் மொழி எப்படித் தப்பித்தது?

அம்பைக்காரன்:
தங்கச்சி, பண்ணைகளை ஆண்ட பிரபுக்கள் ஜெர்மன் பேசினார்கள், உழுதவர்கள் எஸ்தோனியம் பேசினார்கள், அதனால் மொழி வயல்காட்டில்தான் பிழைத்தது. அது ஃபின்னிஷுக்குத்தான் சொந்தம், ரஷ்யனோடும் லாட்வியனோடும் ஒட்டாது. 1869இல் தார்த்து ஊரில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. 1988இல் தலைநகர் தாலினில் உள்ள பாட்டுத் திருவிழா மைதானத்தில் லட்சக்கணக்கானோர் கூடிப் பாடியே சோவியத் ஆட்சியை எதிர்த்தார்கள், 1991இல் விடுதலை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

தென்காசி வாசகர்:
நிலத்தையும் பாருங்க அண்ணாச்சி. நமக்கு அகத்தியர் மலை 1868 மீட்டர், அங்கே உச்சி மலையே 318 மீட்டர்தான். படையைத் தடுக்க மலை இல்லை, வணிகத்துக்கு வாகான பால்டிக் துறைமுகம் வேறு, அதனால்தான் ஆளாளுக்கு வந்தார்கள். ஆனால் பாதி நாடு காடு, நிறைய சதுப்பு நிலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத்தை எதிர்த்தவர்கள் அந்தக் காட்டுக்குள்தான் வருஷக்கணக்கில் ஒளிந்து சண்டை போட்டார்கள். இன்றைக்கும் காளான், பெர்ரி பறிக்கக் குடும்பத்தோடு காட்டுக்குப் போகிறார்கள்.

பாளை வாசகி:
சரி அண்ணாச்சி, அங்கே இருக்கும் ரஷ்ய மொழிக்காரர்கள்?

அம்பைக்காரன்:
கால்வாசிக்கு மேல் இருப்பார்கள், பெரும்பாலும் சோவியத் காலத்தில் குடியேறிய குடும்பங்கள். கிழக்கே நார்வா ஊரில் அவர்களே மிகப் பெரும்பான்மை. அவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான், அதை விட்டுவிட்டு எஸ்தோனிய அடையாளம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.