சுவரில் முளைத்த இச்சியின் வேர்

சென்னை ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளின் கைப்பிடிச் சுவரில் அரசும் அதன் இனமான இச்சியும் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவர் விரிசல் விடும் என்று கொத்தனாரை வைத்துப் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படிப் பிடுங்கிய இச்சியின் வேர்களைக் கேட்டு வாங்கினேன். "வேரை வெச்சி இன்னா தம்பி பண்ணப்போற?" என்றார் அந்த வீட்டு அக்கா. அதே வேரிலிருந்து வந்த போன்சாய் (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் குட்டி மரம்) ஒன்றை இப்போது அவரே மொட்டைமாடியில் வளர்க்கிறார்.

கிளைக்குச்சியை நட்டால் அடிமரம் பெரும்பாலும் நேராக, ஒல்லியாகத்தான் வரும். செங்கல் இடுக்கில் புகுந்து நெளிந்த வேரில் வளைவும் முடிச்சும் முன்பே இருக்கும். அதுவே அடிமரம் ஆகிவிடும். எனக்கு வேர்த்துண்டு மேல் இவ்வளவு ஆசை வந்ததற்கு இதுதான் காரணம்.

கட்டைவிரல் கனத்தில், ஒரு சாண் நீளம் போதும். மரத்தை ஒட்டியிருந்த முனைதான் மேலே வர வேண்டும். துண்டாக்கிய பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியாது. அதனால் வெட்டும்போதே மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டிவிடுங்கள். பால் வடிவது நின்றதும் செங்கல் சல்லி, ஆற்றுமணல், கொஞ்சம் தொழு உரம் கலந்து, மேல்முனை சற்று வெளியே தெரிய நட்டு நிழலில் வைக்கலாம். துளிர் வந்ததும் ஆசையாய் அசைத்துப் பார்க்காதீர்கள். புது வேர் இன்னும் பிடித்திருக்காது.

அப்புறம் கத்தரிப்பு. தளிரை உடனே நறுக்கினால் அடி பருக்காது. ஒன்றிரண்டு தளிரை நீளமாக ஓடவிட வேண்டும், அந்த இலைகள்தான் அடியைப் பருக்க வைக்கும். தேவையான கனம் வந்த பிறகு அந்தத் தளிரை அடியை ஒட்டி வெட்டலாம். அதன்பின் ஆறேழு இலை வந்ததும் இரண்டு இலை விட்டு நறுக்கிக்கொண்டே வந்தால் கிளை பிரியும், இலையும் சிறுக்கும். பெரிய வெட்டெல்லாம் கோடையில்தான் செய்கிறேன், இச்சி அப்போது மளமளவென்று துளிர்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரிய வெட்டு வேண்டாம், அழுகல் பிடிக்கும்.

கிளையை வளைக்கச் சுற்றும் கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி கிடைக்கும். இச்சி சீக்கிரம் பருப்பதால் அடிக்கடி பாருங்கள், பட்டையில் பதிந்துவிட்டால் தழும்பு லேசில் போகாது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, இலை நுனி கருகுகிறது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சாலையோரம் நிற்கும் மரத்தைத் தோண்டி வேர் எடுக்காதீர்கள். யார் வீட்டிலாவது சுவர் வேலை நடந்தால் கொத்தனாரிடம் சொல்லி வையுங்கள், போதும்.