மூட்டத்துக்குள் ஒரு மயில்: ஷெஃபீல்டு பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களே, உங்களுக்கு எதிர்ப்பட்டது என்ன?

ரெண்டாம் கியர்:

இங்கிலாந்தில் இந்த ஷெஃபீல்டுக்கு வந்து ஒன்பது வருஷம். வீட்டு வாசலில் சைக்கிளில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஆள் அரவமே இல்லாத மூருக்குள் இருப்பேன். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். மூர் என்றால் காடும் இல்லை, புல்வெளியும் இல்லை. ஈரமான கரிமண், அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர், கண்ணுக்கு எட்டிய வரை மரம் கிடையாது. ஆகஸ்டில் சில வாரம் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். மிச்ச நாளெல்லாம் நனைந்த சாக்கு மாதிரி ஒரு பழுப்பு.

போன அக்டோபரில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு எதிர்ப்பட்டதை நீங்களும் சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்ற கணக்கெல்லாம் ஸ்ட்ராவா செயலியிலேயே இருக்கட்டும்.

லாக்ஸ்லி பள்ளத்தாக்கு வழியாக ஏறி, டாம்ஃபிளாஸ்க் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போய், லோ பிராட்ஃபீல்டு தாண்டி ஸ்ட்ரைன்ஸ் பக்கம் போவது என் வழக்கம். ஏரிகள் பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் டேல் டைக் அணையின் பழைய கரை 1864 மார்ச் 11 ராத்திரி, முதல் தடவை நிரப்பும்போதே உடைந்தது. தண்ணீர் இதே பள்ளத்தாக்கு வழியாக ஷெஃபீல்டுக்குள் புகுந்து சுமார் 240 பேரைக் கொண்டு போனது. நான் மூச்சு வாங்க ஏறுகிற வழியில்தான் அது இறங்கியது என்று நினைத்தால் கொஞ்ச நேரம் கால் வலி மறந்துபோகும்.

அன்றைக்கு மேலே போனதும் மூட்டம். பத்தடிக்கு முன்னால் இருக்கிற கல் சுவர்கூடத் தெரியவில்லை. பின் டயர் தொளதொளவென்று ஆனது. சரி, பங்க்சர்தானே, மாற்று டியூப் இருக்கிறது என்று இறங்கினேன். விரல் மரத்துப்போய் வால்வு மூடியைத் திருகவே அஞ்சு நிமிஷம். ஒருவழியாக மாட்டி, காற்றடித்து, ஏறி மிதித்தால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் அதே தொளதொள. கையில் வேறு டியூப் இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். மயில் அகவுகிறது. சின்ன வயதில் மருதமலைப் படியில் கேட்ட அதே சத்தம். யார்க்ஷயர் மூரில் மயிலா? உடம்பில் சர்க்கரை இறங்கி மூளை குழம்புகிறது போல என்று பயந்து, பையில் இருந்த கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் கேட்டது. முருகா, இதற்கு மேல் என்னைச் சோதிக்காதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மயில் வரவில்லை. நாலு சக்கர மோட்டார் வண்டியில், பின்னால் நாயை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு வயதான விவசாயி வந்தார். "ஆரைட், லவ்?" என்றார். (புதிதாக வந்தவர்களுக்கு: இந்த ஊரில் ஆம்பளையே ஆம்பளையை லவ் என்றுதான் கூப்பிடுவான். வந்த புதிதில் பஸ் டிரைவர் கூப்பிட்டபோது நான் திரும்பி வேறு யாரையோ சொல்கிறார் என்று பார்த்தேன்.)

ஒன்றும் பேசாமல் டியூபை வாங்கினார். சுவரோரம் ஆடு தண்ணீர் குடிக்கிற தொட்டி. கொஞ்சம் காற்றடித்து அதில் முக்கினார். எங்கள் தெருவில் சைக்கிள் கடை அண்ணன் செய்வாரே, அப்படியே. ஓர் இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. முதல் டியூபையும் கேட்டு வாங்கி முக்கினார். வால்விலிருந்து அளந்தால் அதே தூரத்தில்தான் அதிலும் ஓட்டை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வசவை எழுத முடியாது. கையுறையைக் கழற்றிவிட்டு டயரின் உள்பக்கமாகக் கட்டை விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, குறடால் இழுத்தார். அரை நகம் நீளத்துக்கு ஒரு ஹாத்தார்ன் முள். இலையுதிர் காலத்தில் கீழே சந்துகளில் வேலிச்செடியை வெட்டிவிடுவார்கள், அப்போது ரோட்டில் சிதறுகிற முள். டயருக்குள் தடவிப் பார்க்காமல் நான் புது டியூபை அதன் மேலேயே மாட்டியிருக்கிறேன்.

ஒட்டுப்போட்டு முடிக்கும் வரை நின்றார். நன்றி சொல்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். மயிலைப் பற்றிக் கேட்க மறந்தே போனேன்.

மேட்டூர்க்காரன்:

எனக்கு லேடிபவர் நீர்த்தேக்கம்தான். 2022 கோடையில் தண்ணீர் வற்றி, மூழ்கிய டெர்வென்ட் கிராமத்தின் கற்கள் வெளியே வந்தபோது சைக்கிளில் போனேன். ஹவ்டன், டெர்வென்ட் இரண்டும் கல் அணைகள். அவற்றுக்குக் கீழே லேடிபவரை 1943இல் கட்டி முடித்து நிரப்பியபோது டெர்வென்ட், ஆஷாப்டன் என்று இரண்டு கிராமங்கள் உள்ளே போயின. தேவாலயக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். தண்ணீருக்கு மேல் அது தனியாக நிற்க, ஜனங்கள் நீந்திப் போகிறார்கள் என்று 1947இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். பக்கத்தில் ஒரு தாத்தா, மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் டீ. எங்கள் ஊரிலும் அணை வற்றினால் பண்ணவாடியில் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும், பார்க்கக் கூட்டம் கூடும் என்று சொன்னேன். அதுவரை தலையை மட்டும் ஆட்டியவர், நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். அந்த நந்தி எவ்வளவு பெரிசு என்று கேட்டார். அப்புறம் தன் பாட்டி கதை. டெர்வென்ட் கல்லறையில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்து பாம்ஃபோர்டில் மறுபடி புதைத்தார்கள், அதில் பாட்டியின் அம்மாவும் ஒருத்தி. "உயிரோடு இருந்த வரை ஊரைத் தாண்டாதவள், செத்த பிறகு வீடு மாறினாள்" என்றார். டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை இல்லை, குடித்தேன்.

நைட் டியூட்டி:

அண்ணா, டயருக்குள் தடவிப் பார்க்காதது உங்கள் தப்புதான், அந்தத் தாத்தாவின் பார்வை நியாயமானது.

எனக்கு எதிர்ப்பட்டது எல்லாம் ஆடுதான். ஸ்னேக் பாஸ் மலைச்சாலையின் உச்சி 500 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கிழக்கே லேடிபவர் பக்கம் இறங்கினால் மிதிக்கவே வேண்டாம், பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கைதான் வலிக்கும். ஒரு மே மாதம் வளைவில் தாய் ஆடு ஒன்று ரோட்டைக் கடந்து போய்விட்டது. அப்பாடா என்று பிரேக்கை விட்டேன். இந்தப் பக்கப் புல்லில் படுத்திருந்த குட்டி "மே" என்று அம்மாவைப் பார்த்து ஓடி வந்தது. எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. பின் சக்கரம் குறுக்கே போய், என் முட்டிக்கும் குட்டியின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஜாண். தாய் ஆடு கடந்தால் குட்டி எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. குட்டி போகும் வரை காத்திருந்து, அப்புறம் நான் மறுபடி ஏறும் வரை பின்னாலேயே மெதுவாக வந்தார்.

ஹோம் மாஸ் பற்றி யாராவது எழுதுங்கள். 2014 ஜூலை 6 அன்று டூர் டி ஃபிரான்ஸ் அந்த ஏற்றத்தைக் கடந்தபோது ஓரத்தில் நின்று கத்தினேன். நானே ஏறினபோது க்ரௌஸ் கோழிகள் மட்டும்தான் கத்தின. "கோ பேக், கோ பேக்" என்றே கேட்கும். எதிர்க்காற்றில் அதைக் கேட்டுக்கொண்டு மிதிப்பதற்கு மனசு திடமாக இருக்க வேண்டும்.

பாதித் தூரம்:

ரெண்டாம் கியர் சார், உங்கள் மூளை நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்ட்ரைன்ஸில் ரோட்டோரம் பழைய மதுக்கடை ஒன்று உண்டே, மயில் அங்கே வளர்த்தது. சுவர் மேல் நடந்து போகும். ஒரு தடவை வாசல் மேஜையில் ஃபிளாப்ஜாக்கை (ஓட்ஸ் மிட்டாய்த் துண்டு) வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தால் மயில் மேஜை மேல் நிற்கிறது. ஃபிளாப்ஜாக் பாதிதான் இருந்தது.

ரெண்டாம் கியர்:

அப்போ அன்றைக்கு அது என் கடலை மிட்டாயைத்தான் கேட்டிருக்கிறது.