ஃபெராரி 308 கம்பெனி ஏசி: ஆர்12ஐ விட்டு மாறலாமா?

கேள்வி: 80கள்ல வந்த 308 ஜிடிஎஸ், கம்பெனி ஏசி அப்படியே இருக்கு ஆனா வெறும் காத்துதான் வருது. அதுக்கான பழைய ஏசி கேஸ் ஆர்12 கிடைக்கிறதே கஷ்டம், பேசாம அதுக்குப் பதிலா வந்த 134ஏ கேஸ் அடிச்சிடலாமா?

பதில் 1: கேஸ மட்டும் மாத்தாதீங்க ப்ரோ. பழைய மினரல் ஆயில் 134ஏ கூட கலக்காது, கம்ப்ரசருக்கு ஆயில் திரும்பாம ஜாம் ஆயிடும். 134ஏ கூட கலக்குற எஸ்டர் ஆயில் ஊத்தணும், ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சுற பார்ட்), ஓ ரிங் (ஜாயின்ட்ல இருக்கிற ரப்பர் வளையம்) எல்லாம் மாத்தணும். இன்ஜின் பின்னாடி, கண்டென்சர் (கேஸோட சூட்ட வெளியேத்துற பார்ட்) முன்னாடி, நடுவுல வண்டி நீளத்துக்கு ஓஸ் ஓடுது, பழைய ரப்பர்ல 134ஏ கசிஞ்சிட்டே இருக்கும், கேஸ் கசியாம தடுக்கிற லேயர் உள்ள பேரியர் ஓஸ் போட்டுடுங்க.

பதில் 2: போட்டாலும் ஆர்12 மாதிரி ஜில்லுனு எதிர்பாக்காதீங்க, பிரஷர் ஏறும், டிராஃபிக்ல கண்டென்சர் திணறும். கேஸும் பழைய அளவுல 80-85% போதும். லம்போர்கினி கவுன்டாஷ் ஓட்டுறவங்க பாவம், அதுல ஜன்னல் கண்ணாடியே ஒரு கீத்துதான் இறங்கும், ஏசி போனா அவ்ளோதான் :)