டர்னரின் வெனிஸ்: மணிக்கூண்டை இழுத்து வரைந்தது சரியா?

கரித்துண்டு:
ஆங்கில ஓவியர் டர்னர் 1835-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்த வெனிஸ் ஓவியத்துக்கு (சலூட்டே தேவாலய வாசலிலிருந்து பார்க்கும் காட்சி, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது) ஆளாளுக்கு உருகுகிறீர்கள். எனக்கு ஒரு உறுத்தல். இடப்பக்கம் தூரத்தில் தெரியும் சான் மார்க்கோ மணிக்கூண்டை உள்ளதைவிட உயரமாக இழுத்திருக்கிறார், வலப்பக்கம் இல்லாத கட்டடத்தைச் சேர்த்திருக்கிறார். ஊர்ப் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா? அவருக்கு முந்தைய நூற்றாண்டில் வெனிஸ்காரர் கனலெட்டோ அதே ஊரை ஒழுங்காகத்தானே வரைந்தார்?

நீர்க்கோலம்:
கனலெட்டோவா! கட்டடங்களைத் தள்ளி வைப்பது, இரண்டு இடத்திலிருந்து பார்த்ததை ஒன்றாகச் சேர்ப்பது எல்லாம் அவரும் செய்ததுதான், என்ன, கோடு நேராக இருப்பதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. ஒன்று செய்யுங்கள். திரையில் அந்த மணிக்கூண்டைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். வலப்பக்கம் தேவாலயமும் படிக்கட்டும் கனமாக உட்கார்ந்திருக்க, இடப்பக்கம் பொசுக்கென்று காலியாகிவிடும். அந்த உயரம் அங்கே தேவைப்பட்டது, கொடுத்தார். அப்புறம், நீங்கள் அளவு பார்க்கும் கூண்டே அவர் பார்த்தது இல்லை. பழையது 1902-ல் சரிந்து விழுந்து, 1912-ல்தான் புதிதாக எழும்பியது.

கரித்துண்டு:
அதே இடத்தில் அதே மாதிரிதான் கட்டினார்கள், நழுவாதீர்கள். சரி, உயரத்தை விடுகிறேன். 1797-ல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு விழுந்து, 1815-லிருந்து ஆஸ்திரியாவின் பிடியில் இருந்த ஊர் அது. படத்திலோ வெயிலும் படகுமாகத் திருவிழாக் களை. காசுள்ள ஆங்கிலேயர் வரவேற்பறையில் மாட்டுவதற்கென்றே வரைந்தது போல இருக்கிறது. கண்ணெதிரே இருந்த நலிவு அவர் கண்ணில் படவே இல்லையா?

பழைய பிரஷ்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அதே 1835 கண்காட்சியில் டர்னர் இன்னொன்றும் வைத்தார். இங்கிலாந்தின் டைன் ஆற்றில் நிலா வெளிச்சத்தில் படகுக்காரர்கள் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றுகிற படம், ஒரு பக்கம் நிலா, மறுபக்கம் தீப்பந்தப் புகை. அதை வாங்கியவர் மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளி ஹென்றி மெக்கானல். முந்தைய ஆண்டு வாங்கிய இன்னொரு வெனிஸ் படத்துக்கு ஜோடியாக அதை வரையச் சொன்னவரும் அவர்தான். ஜோடி இரண்டும் இப்போது வாஷிங்டனில். கரியும் உழைப்பும் டர்னர் கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது.

கரித்துண்டு:
நான் கேட்டதற்கு இது வலு சேர்க்கிறதே! கரியை இங்கிலாந்தில் வைத்துவிட்டு வெயிலை வெனிசுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த ஊரிலும் மூட்டை தூக்கியவர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா?

நீர்க்கோலம்:
இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பாருங்கள் ஐயா. கட்டடங்களின் நிழல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கரித்துண்டு:
பார்த்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. வலப்பக்கக் கட்டடத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.